அஸ்திவாரமும் தண்ணீர் மோட்டாரும்

மனித நாகரிகம் நிற்பது பேஸ் கித்தாரின் தடித்த கம்பியின் மேல்தான். நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் எல்லாம் பிற்பாடு வந்த சில்லறைச் சாமான்கள்.

இந்த உண்மையை அஸ்திவாரம் ஒரு வானொலிப் பேட்டியில், கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இருந்த காபி ஆறிப்போகும் அளவுக்கு நிதானமாக அறிவித்தார். பேட்டி எடுத்த பெண் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அந்தக் கம்பிக்குன்னு ஒரு சுருதி இருக்கு. அதுக்குக் கீழ சங்கீதம் கிடையாது. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் லாரி சத்தம்" என்றார் அஸ்திவாரம். "இத்தனை வருஷத்துல என் கம்பிய நான் ஒரு நூல்கூடத் தளர்த்தினதில்ல. பாடறவங்களுக்கு எட்டலன்னு இப்ப சில பேர் கம்பிய இறக்கி வாசிக்கறாங்க. இன்னைக்குக் கம்பியத் தளர்த்துவான். நாளைக்கு பெல்ட்டத் தளர்த்துவான். நாளான்னைக்குக் கொள்கையத் தளர்த்துவான்."

அவருடைய பெல்ட் அந்த வருடம் இரண்டு ஓட்டை முன்னேறியிருந்தது என்பது இந்த இடத்துக்குத் தேவையில்லாத தகவல்.

அஸ்திவாரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரசிகர்கள் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் தங்கையின் கோபத்திலும் மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 'மொட்டைமாடி' என்ற ராக் குழுவின் பேஸ் கித்தார்க்காரர், பாட்டு எழுதுபவர், கொள்கை பரப்புச் செயலாளர் மூன்றும் அவரே. குழுவில் மொத்தம் மூன்று பேர். பாடுவது தங்கை. ட்ரம்ஸ் வாசிப்பது தங்கையின் கணவர், அதாவது அவருக்கு மாப்பிள்ளை. கித்தார் கிடையாது. கித்தார் இல்லாமல் ராக் வாசிப்பது ஒரு புரட்சி என்று பத்திரிகைகள் எழுதின. ஆரம்பத்தில் ஒரு கித்தார்க்காரர் இருந்தார். ஒரு நாள் கேபிள் வாங்கிவருகிறேன் என்று போனவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மூன்று மாதம் அவருக்காகவும் கேபிளுக்காகவும் காத்திருந்துவிட்டு, நான்காவது மாதம் அஸ்திவாரம் புரட்சியை அறிவித்தார்.

பேஸ் தன்னை அழைத்தது என்று அவர் பேட்டிகளில் சொல்வார். உண்மையில் அழைத்தது கல்லூரி நண்பர்கள். யார் எதை வாசிப்பது என்று முடிவு செய்ய எல்லாரும் கூடிய அன்று அவருடைய பேருந்து தாமதம். போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது பேஸ். உலகத்தில் உள்ள பேஸ் கித்தார்க்காரர்களில் பாதிப் பேர் இப்படி லேட்டாக வந்தவர்கள்தான். மீதிப் பாதி, வராதவருக்குப் பதிலாக வந்தவர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் அளந்ததில் பாதிதான் பொய். வாசிப்பில் பொய்யே கிடையாது. மாப்பிள்ளையின் கால் பெரிய ட்ரம்மை மிதிக்கும். அந்த அடி காதுக்கு வந்து சேர்வதற்கும் மனசுக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளிக்குள் அஸ்திவாரத்தின் சுரம் வந்து உட்காரும். முந்தாது, பிந்தாது. கேட்பவர்கள் அதைக் காதால் கேட்டதாகச் சொல்ல மாட்டார்கள், வயிற்றில் ஏதோ நடந்தது என்பார்கள். பின்வரிசை நாற்காலிகளின் திருகாணிகள் கழன்றதாகவும் ஒரு வதந்தி உண்டு. அதை அவரே மறுத்து, மறுத்து, நன்றாகப் பரப்பியிருந்தார்.

பாட்டு எழுதுவதும் அடியிலிருந்துதான். முதலில் பேஸில் ஒரு வரிசை பிறக்கும். அதையே நாள் கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பார். பழுத்த இலை உதிர்கிற மாதிரி ஒரு நாள் வார்த்தை தானாக மேலே வந்து விழும். அவரைப் பெரிய ஆளாக்கிய 'மோட்டார்' பாட்டு அப்படி வந்ததுதான். அப்போது குடியிருந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அது ஒரே சுரத்தில் முனகும். தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தால் என்ன சுரமோ, அச்சு அசல் அதே சுரம். அவர் மோட்டாரோடு சேர்ந்து வாசித்தார். மோட்டார் ஆட்சேபிக்கவில்லை. ஒரு வாரத்தில் பாட்டு ரெடி.

மேலே மேலே தண்ணி ஏறுது
கீழே நின்னு நான் கேக்குறேன்

இரண்டு வரிதான். ஆனால் அந்த முதல் 'மேலே'யைத் தங்கை எடுக்கும் இடம் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் ஏணி வைக்காமலேயே எடுப்பாள். ஊர் ஊராகக் கூட்டம் வந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று மாப்பிள்ளை சொல்வார். பேஸுக்காக வந்தது என்று அஸ்திவாரம் சொல்வார். யாருக்காக வந்தது என்று தங்கை எதுவும் சொன்னதில்லை.

பணமும் பேரும் வந்த பிறகும் அவர் வீடு மாறவில்லை. அதே வீட்டை, கீழ்த்தளத்தை, மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரோடு சேர்த்து வாங்கிவிட்டார். "காலையில எழுந்ததும் அதோட சுருதி பாத்துக்குவேன். டாக்டர்கிட்ட போய் பிரஷர் பாக்குற மாதிரி" என்பார். யார் யாருக்கு பிரஷர் பார்த்தார்கள் என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கையின் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். ஆபத்தில்லாத கட்டி. ஆனால் குரல் நாண்களுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீண்ட ஓய்வுக்குப் பிறகு டாக்டர் பாடலாம் என்றார். குழு மறுபடி மேடையேறும் என்று அறிவித்தார்கள். பெரிய அரங்கம், டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஒத்திகை நடந்தது ஒரு ஸ்டூடியோவில். சுவரெல்லாம் முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் பெண் ஒருத்தி. இந்தப் பக்கத்துக் கதவு எப்போதும் முழுசாக மூடாது. அடியில் ஒரு கேபிள் போகும்.

முதல் நாள் 'மோட்டார்' எடுத்தார்கள். 'மேலே' வந்தபோது தங்கை பாடவில்லை. மைக்கைச் சட்டென்று முன்னால் நீட்டினாள். மேடையில் கூட்டத்தைப் பாட வைக்கப் பாடகர்கள் செய்கிற வேலை. இங்கே எதிரே இருந்தது ஒரு மின்விசிறி.

"என்ன, ஃபேன் பாடுமா?" என்றார் அஸ்திவாரம்.

"நல்ல குரல்தான் மச்சான், சுத்திச் சுத்தி ஒரே வரியப் பாடும்" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு படி இறக்கிப் பாப்போமா?"

"எதை?"

"சுருதியை. அந்த 'மேலே' எனக்கு இப்ப எட்டல. ரெண்டு படி கீழ இருந்தா அழகா வந்துடும். வீட்ல பாடிப் பாத்துட்டேன்."

அஸ்திவாரம் பேஸைக் கழற்றி ஸ்டாண்டில் சாய்த்தார். பேச வேண்டிய விஷயம் பெரியது என்றால் இப்படிச் செய்வார்.

"இந்தப் பாட்டு உண்டான சுருதி எது? மோட்டார் சுருதி. மோட்டார் இறங்குச்சா? இல்ல. என் கம்பி இறங்குச்சா? இல்ல. தொண்டைய ஏத்தணும்மா, கம்பிய இறக்கக் கூடாது. வெந்நீர் குடி. மூச்ச அடிவயித்துலேர்ந்து எடு. இறக்குமதிக்காரங்க வேலையெல்லாம் நமக்கு வேணாம்."

கம்பியை இறக்குபவர்களுக்கு அவர் வைத்த பெயர் இறக்குமதிக்காரர்கள்.

"சார், அஞ்சு கம்பி பேஸ் ஒண்ணு இங்க இருக்கு" என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த என்ஜினியர், ஸ்பீக்கர் வழியாக. "அதுல இன்னும் கீழ போகலாம். உங்க கம்பியத் தொடவே வேணாம்."

அஸ்திவாரம், ஒரு காலில் ஆறு விரல் உள்ளவரைப் பார்க்கிற மரியாதையோடு, மூலையில் இருந்த அந்த பேஸ் பெட்டியைப் பார்த்தார். "நாலு போதும் என்ஜினியரம்மா. மேசைக்கும் நாலு கால்தான்."

"மச்சான், நீங்க அஸ்திவாரம், சரி. அஸ்திவாரத்தக் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா தப்பா?" என்றார் மாப்பிள்ளை.

"மாப்ள, நீங்க தட்டற வேலையப் பாருங்க."

தங்கை தண்ணீர் குடித்தாள். "சரிண்ணே" என்றாள். அவள் 'சரி' என்று சொன்னால் விஷயம் முடிந்தது என்று அவர் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இதுவரை ஒரு சம்பவமும் நடந்ததில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை ஒரு பரிசு கொண்டுவந்தார். புது செட் கம்பிகள். "மச்சான், கம்பெனிக்காரன் ஸ்பெஷலா செஞ்சது. உங்களுக்குன்னே கேட்டு வாங்கினேன்." கொஞ்சம் பருமனாக இருந்தன. ஆனால் மாட்டிவிட்டு, காலடியில் இருந்த, சுருதி சரியா என்று காட்டும் ட்யூனர் பெடலை மிதித்து, ஒவ்வொரு கம்பியாகப் பச்சை விளக்கு வரும்வரை முறுக்கி, ஒரு தட்டுத் தட்டியதும் அஸ்திவாரத்தின் முகம் மாறிவிட்டது. சத்தம் அவ்வளவு கனம். தரை லேசாக உறுமியது.

"வயசாக ஆக நம்ம சவுண்டு கனமாகுது பாத்தீங்களா மாப்ள?"

"ஆமா மச்சான். நாங்கூடப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

'மோட்டார்' எடுத்தார்கள். தங்கை எப்போதும் தன் சுருதியை அவருடைய கம்பியிலிருந்துதான் எடுப்பாள். தடித்த கம்பி உறும, அதைக் கேட்டுக் கண்ணை மூடி, 'மேலே' என்று போனாள். போய்ச் சேர்ந்தாள். அங்கே நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க இடம் இருக்கிற மாதிரி நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் என்ஜினியர் இரண்டு கையையும் தூக்கினாள். மாப்பிள்ளை குச்சியால் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"பாத்தியா? பாத்தியா?" அஸ்திவாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இறக்கணும்னியே! இறக்கியிருந்தா இது கெடச்சிருக்குமா? வெந்நீர் குடிச்சியா இல்லியா?"

"குடிச்சேண்ணே."

"அதான்."

அந்தப் பதினைந்து நாளும் அவர் வாழ்க்கையின் பொற்காலம். ஒத்திகைக்கு வந்த ஒரு பத்திரிகைக்காரரிடம், சுருதியில் சமரசம் செய்யாத கலைஞனுக்கு இயற்கையே வளைந்து கொடுக்கும் என்றார். இயற்கை என்று அவர் குறிப்பிட்டது தங்கையின் தொண்டையை. தலைப்பும் அப்படியே வந்தது. தங்கை அதை வெட்டித் தன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

பேஸை அவர் வழக்கமாக ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டு வருவார். ஒரு நாள் கட்டங்களில் ஒன்றில் சின்னப் பிசிறு தெரிகிற மாதிரி இருந்தது, துடைத்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலையில் மோட்டார் முனக ஆரம்பித்தது. பல் தேய்த்த கையோடு பேஸை மடியில் வைத்து, தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, மோட்டாரோடு சேர்ந்தார்.

சேரவில்லை.

இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன, குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் மாதிரி. அவர் விரலை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் முட்டல். இத்தனை வருடம் இதே சுவர் ஓரத்தில் ஒரு நாளும் நடக்காதது.

"அடடா" என்றார். "மோட்டாருக்கு என்னமோ ஆயிடுச்சு."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி வரலியா?"

"தண்ணி வருது. சுருதி ஏறிப்போச்சு."

"மோட்டாருக்கா?"

"ஆமா. ரெண்டு படி ஏறியிருக்கு."

"அது ஏறுச்சோ, நீங்க இறங்குனீங்களோ, உங்க ரெண்டு பேருக்குள்ள. தண்ணி மட்டும் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் வந்தார். மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மூடினார். "தண்ணி வருதா சார்?"

"வருது."

"அப்பறம் என்ன சார்?"

"சத்தம் மாறியிருக்குப்பா. மேல போயிடுச்சு."

"தண்ணியும் மேலதான சார் போகணும்?" மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் எண்ணெய் விட்டுப் போனார்.

அஸ்திவாரத்தின் காது பொய் சொல்லாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எனவே பொய் சொல்வது மோட்டார். அதை நிரூபிக்க, அலமாரியிலிருந்து தன் முதல் இசைத்தட்டை எடுத்துப் போட்டார். 'மோட்டார்' பாட்டு ஓடியது. கூடவே மாடிப்படிக்குக் கீழே நிஜ மோட்டாரும் ஓடியது. இரண்டும் ஒன்றோடொன்று வெண்ணெயாகச் சேர்ந்தன. அவர் தன் பேஸைத் தட்டினார். முட்டியது. இசைத்தட்டும் மோட்டாரும் ஒரு கட்சி. அவர் மட்டும் தனிக்கட்சி.

பாட்டு முடிந்தும் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கம்பியைப் பார்த்தார். பருமனான கம்பி. பருமனான கம்பியை இரண்டு படி இறக்கிக் கட்டினாலும் கைக்குத் தளர்வு தெரியாது. கல்லூரிப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். 'கம்பெனிக்காரன் ஸ்பெஷலா செஞ்சது.' ட்யூனரில் பச்சை விளக்கு. 'நாங்கூடப் பாத்துக்கிட்டே இருக்கேன்.' 'குடிச்சேண்ணே.'

பதினைந்து நாளாக அவர் லாரி சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சங்கீதம் இல்லாத இடத்தில். அதுவும் வாழ்க்கையிலேயே நன்றாக.

அன்று ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் போனார். என்ஜினியர் அப்போதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து ட்யூனர் பெடலைக் கையில் எடுத்தார். ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தும் தடவைக்கு ஏற்பப் பெடல் ஒவ்வொரு படியாகக் குறைத்துக் காட்டும். எத்தனை படி குறைத்திருக்கிறது என்பதற்கு மூலையில் பொட்டு அளவு விளக்கு. இரண்டு எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடி போடாமல் பார்த்தால் தெரியாது. ரசிகர்கள் முன்னாலும் ஒத்திகையிலும் அவர் கண்ணாடி போடுவதில்லை. மாப்பிள்ளைக்கு இது தெரியும்.

இரண்டு விளக்கையும் அணைத்தார். கம்பிகளைப் பழைய சுருதிக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பருமனான கம்பிகள் இரும்புப் பாலம் மாதிரி விறைத்துக்கொண்டு விரலை அறுத்தன. அறுக்கட்டும். இன்றைக்கு நடுப் பாட்டில் நிறுத்தி, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எனக்குச் செய்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு உரை நிகழ்த்த வேண்டும். வழியில் பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றிலும் அந்த உரை நீண்டுகொண்டே வந்திருந்தது. துரோகம் என்ற வார்த்தை பல இடங்களில் வந்தது.

தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். தொண்டை சரியானதிலிருந்து இப்படித்தான், வழியெல்லாம் பேச்சு.

பாட்டு ஆரம்பித்தது. தடித்த கம்பி உறுமியது. அவள் கண்ணை மூடினாள். எப்போதும் போலக் கம்பியை நம்பி, அதன் மேலே ஏறி, 'மேலே' என்று போனாள்.

குரல் நடுவில் பிளந்தது. காகிதம் கிழிகிற சத்தம். அப்புறம் வெறும் காற்று.

மாப்பிள்ளை நிறுத்தினார். தங்கை தண்ணீர் குடித்தாள். "மறுபடி எடுக்கலாம்" என்றாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கிழிந்தது. இந்தத் தடவை அவள் கை தொண்டைக்குப் போயிருந்தது.

அஸ்திவாரத்தின் உரை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்ணே" என்று சொல்லிவிட்டுத் தங்கை வெளியே போனாள். மாப்பிள்ளை குச்சிகளை ட்ரம் மேல் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். கதவு மூடவில்லை. அடியில் கேபிள் இருந்தது.

"நேத்து வந்துச்சுங்க" என்றாள் வெளியே. "முந்தாநாளும் வந்துச்சு. ரெண்டு படி இறக்கியும் இன்னைக்கு வரல."

"ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்."

"இல்ல. டாக்டர் சொன்னாருல்ல, மறுபடி கிழிய ஆரம்பிச்சா நிறுத்திடணும்னு. இறக்கியும் வரலன்னா அப்பறம் எங்க போறது? இதுக்கு மேல இறக்க இடமில்ல. நான் நிறுத்திக்கறேன். வேற பொண்ணு யாரையாவது பாக்கச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட நானே சொல்றேன். பாவம், அவரு ரொம்ப சந்தோஷமா இருக்காரு. சுருதி இறக்கினதெல்லாம் தெரிய வேணாம். வெந்நீர்தான்னு நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

அஸ்திவாரம் வாயை மூடினார். வழியெல்லாம் தயாரித்த உரை தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. இறங்குவதற்கு அங்கே இடம் இருந்தது.

பேஸை முதன்முதலாகக் கையில் வாங்கி வந்த அன்று அதைக் கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. இவள் பள்ளிச் சீருடையோடு எதிரே உட்கார்ந்து, அவர் தட்டிய ஒற்றைச் சுரத்தின் மேல் வாய்க்கு வந்ததைப் பாடினாள். அன்றைக்கு அவருக்கு ஒரு சுரம்தான் தெரியும். அவள் அதிலிருந்தே ஒரு பாட்டை இறக்கிக் காட்டினாள். அதற்கப்புறம் அவர் எழுதியதெல்லாம் அவள் குரல் எங்கே நிற்கும் என்று தெரிந்து எழுதியதுதான். மோட்டார் சுருதி என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குனிந்தார். ட்யூனரின் ஓரப் பொத்தானை அழுத்தினார். ஒரு விளக்கு. மறுபடி அழுத்தினார். இரண்டு. பிறகு நிமிர்ந்து, தடித்த கம்பியின் முறுக்காணியைப் பிடித்து, மெதுவாகத் தளர்த்தினார். கம்பி ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கியது. பச்சை விளக்கு. அடுத்த கம்பி. அடுத்தது.

கண்ணாடிக்கு அப்பால் என்ஜினியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்கியதும், முன்னால் இருந்த திரையை வாழ்க்கையில் இதுவரை பார்த்திராத சுவாரசியத்தோடு பார்க்கத் தொடங்கினாள். திரை இன்னும் ஆன் ஆகியிருக்கவில்லை.

தங்கை உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"அப்பறம் பேசலாம். ஒரு தடவை எடுத்துடுவோம். என் மேலதான் தப்பு. கம்பி ஏறியிருந்துச்சு."

"ஏறியிருந்துச்சா?"

"ஆமா. புதுக் கம்பியில்ல? தானா ஏறிடுச்சு. நான்தான் கவனிக்கல. இப்ப சரி பண்ணிட்டேன்."

கம்பி வாத்தியம் தொட்ட எவருக்கும் ஒரு விஷயம் தெரியும். புதுக் கம்பி இழுபடும், இழுபட்டால் சுருதி இறங்கும். தானாக ஏறிய கம்பி உலகத்தில் கிடையாது. ஏற்றினால்தான் ஏறும். இவ்வளவு மட்டமான பொய்யை அஸ்திவாரம் தன் தொழில் வாழ்க்கையில் சொன்னதில்லை. அதுவும் சொல்லக்கூடாத மூன்று பேர் முன்னால்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தங்கை அவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை வாயை மூடிக் குச்சிகளை எடுத்துக்கொண்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். காலடியில் இருந்த பெடலைப் பார்த்தாள்.

"புதுக் கம்பின்னா அப்படித்தாண்ணே" என்றாள். "ஏறும்."

"ஏறும்" என்றார் அவர்.

"சரி, வாசிங்க."

'மேலே' வந்தது. வந்து நின்றது. யாரும் கையைத் தூக்கவில்லை. நான்கு பேருமே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சி அன்று அரங்கம் பிதுங்கியது. மேடையேறுவதற்கு முன் அதே வானொலிப் பெண் மைக்கோடு வந்தாள். "சார், இன்னைக்கும் கம்பியை ஒரு நூல்கூடத் தளர்த்தலியே?"

"ஒரு நூல்கூட" என்றார் அஸ்திவாரம். "எழுதிக்குங்க."

பின்னால் மாப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பாட்டுக்கு மேல் பாட்டாகப் போனது. தங்கை எல்லாவற்றையும் பாடினாள். கூட்டத்தின் பக்கம் மைக்கை ஒரு தடவைகூட நீட்டவில்லை. கடைசிப் பாட்டு 'மோட்டார்' என்று கூட்டத்துக்குத் தெரியும். விளக்கு அணைந்ததும் "அஸ்திவாரம்! அஸ்திவாரம்!" என்று தரையை மிதிக்க ஆரம்பித்தார்கள். இருட்டில் தங்கை தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடித்துவிட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, வாய்க்குள்ளேயே 'மேலே' என்று போட்டுப் பார்த்தாள். மைக் அணைந்திருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அஸ்திவாரத்துக்குக் கேட்டது. ஓரத்தில் ஒரு சொரசொரப்பு. முழு இரவும் பாடிய குரல் அது. இன்னும் ஒரு படி கீழே என்றால் போதும்.

அவர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை அவருடைய கையைப் பார்த்தார். கை முறுக்காணிக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் ட்ரம்ஸை உருட்ட ஆரம்பித்தார். அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு தொடக்கம் இதுவரை இருந்ததே இல்லை. கூட்டம் அதைப் புது ஏற்பாடு என்று நினைத்துக் கத்தியது.

ட்யூனர் பெடல் நாலு அடி தள்ளி இருந்தது. போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அஸ்திவாரம் போகவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தடித்த கம்பியின் தலைப்பக்கத்தில் காதை ஒட்டவைத்து, விளக்கு வருவதற்குள், முறுக்காணியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.